தெரியாது என்று சொல்லத் தெரிந்த மிஸ்

தேயிலைக் கொழுந்து லொறிகள் மூன்று. மலை முடுக்கு வரை லொறி ஏறுகிற பாதை ஒன்று; அதில் பாதிக்கு மேல் என் சொந்தக் கையால் கல் பதித்தது. நாற்பது வீட்டுக்குத் தண்ணீர் வருகிற குழாய். கோயிலுக்குச் சுற்று மதில். தகரக் கூரையும் சீமெந்துத் தரையுமாகக் கொழுந்து நிறுக்க ஒரு மடுவம்; என்ன மழை அடித்தாலும் கூடையோடு நிற்கிற பெண் ஒருத்தியின் முதுகும் நனையாது. இவ்வளவையும் கட்டியவன் உடப்புசல்லாவைப் பக்கத்தில் தோட்டத் தொழிலாளர் லயம் ஒன்றின் கடைசிக் காம்பராவில் பிறந்து, மூன்றாம் வகுப்போடு சிலேட்டைக் கீழே வைத்தவன். துரை தடுத்தார். கணக்கப்பிள்ளை சிரித்தார். வங்கிக்காரர்கள் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். நான் கட்டினேன்.

மறக்க முடியாத ஒருவரைப் பற்றி எழுதச் சொன்னால் இவன் தன் புராணத்தை ஆரம்பிக்கிறானே என்று நினைக்க வேண்டாம். காரணம் இருக்கிறது. இத்தனை கட்டுகிறவன் வாயில் ஒரு சொல் வரவே கூடாது. வந்தால் வேலையாள் கலைந்து போவான், கடன் கொடுத்தவன் கதவைத் தட்டுவான். நான் எழுதப் போகிறவருக்கோ அந்தச் சொல் ஒரு நாளைக்கு இருபது தடவை வரும். மூக்குக் கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே, வெட்கமே இல்லாமல் சொல்வார்.

"தெரியாது."

நாங்கள் அவரை மிஸ் என்றுதான் கூப்பிட்டோம். யாழ்ப்பாணத்துக்காரர். கொழும்பில் இரசாயனப் பரிசோதனைக்கூடம் ஒன்றில் உத்தியோகம். நாற்பத்தைந்து வயதிருக்கும். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைக் கம்பளிச் சட்டை, காலில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தோளில் கித்தான் பை. அட்டைக் கடிக்கு மட்டும் பயம். மற்ற எதற்கும் பயந்து நான் பார்த்ததில்லை. அவர் பெயர் எனக்குத் தெரியும், எழுத மாட்டேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

அவர் எங்கள் மலைக்கு வந்த கதை இது. நான் கொழுந்து கொண்டுபோய்ப் போடுகிற தொழிற்சாலைக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அந்தத் தொழிற்சாலையின் தேயிலையை வாங்கி விற்கிற கம்பனி எழுதியது. உங்கள் தூளில் காட்டை வெட்டி நட்ட தேயிலை கலந்திருப்பதாகக் கேள்விப்படுகிறோம், உண்மையென்றால் இனி வாங்க மாட்டோம் என்று. கேள்விப்பட்டது பொய் இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் நகரத்துப் பெரிய மனிதர் ஒருவர் காட்டை வழித்தெடுத்துப் புதுத் தேயிலை நட்டிருந்தார். எல்லாருக்கும் தெரியும், யாரும் பெயர் சொல்ல மாட்டார்கள். ஆனால் தொழிற்சாலைக்குக் கொழுந்து வருவது இரண்டு பாதையால். ஒன்று அவருடையது, மற்றது என்னுடையது.

என் பாதையில் இருந்தவை நாற்பது குடும்பங்கள். தோட்டம் நட்டமென்று கைவிட்ட மலையைத் துண்டு துண்டாகப் பிரித்து அவர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். வெள்ளைக்காரன் காலத்துச் செடி, அடி ஒவ்வொன்றும் தொடை மொத்தம். காட்டுக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் தொழிற்சாலை மனேஜரின் மேசையில் கையால் அடித்துச் சொன்னேன். கொழுந்து நின்றால் என் லொறி நிற்கும், அது பெரிதில்லை. அந்த நாற்பது அடுப்பும் நிற்கும்.

"நீங்க சொன்னா எனக்குச் சரி. அவனுக நம்பணுமே. சோதிக்கிறதுக்கு ஒரு அம்மா வர்றாங்க, கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டுங்க" என்றார் மனேஜர்.

காட்டினேன். முதல் நாளே என் லொறியின் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு மிஸ் எனக்கு விளக்கினார். தேயிலைச் செடி தான் நிற்கிற மண்ணைத் தின்று வளர்கிறது. நூறு வருடம் உரம் போட்ட தோட்டத்து மண் ஒரு மாதிரி. மரத்து இலை விழுந்து விழுந்து மக்கிய காட்டு மண் வேறு மாதிரி. காற்றில் இருக்கிற நைதரசனிலேயே கனமானது, லேசானது என்று இரண்டு வகை உண்டாம். செடிக்குள் அவை எந்த அளவில் போயிருக்கின்றன, அதோடு வேறு என்னென்ன உலோகம் போயிருக்கிறது என்று இயந்திரத்தில் பார்த்தால், இலை எந்த மண்ணில் நின்றது என்று கண்டுகொள்ளலாமாம்.

"அப்ப இலை பொய் சொல்லாதுங்களா மிஸ்?"

"பொய் சொல்லாது. ஆனா அது சொல்லுறது எங்களுக்குச் சரியா விளங்குதோ எண்டு எனக்குத் தெரியாது."

இதற்குப் படித்த அம்மா எதற்கு என்று அன்றைக்கு நினைத்தேன்.

ஊரே திரண்டு உதவிக்கு வந்தது. பத்திரமாக இருக்கட்டுமென்று ஆளுக்கொரு பொலித்தீன் பையில் இலையைக் கிள்ளிப் போட்டு முடிச்சுப் போட்டுக் கொடுத்தார்கள். மிஸ் ஒவ்வொன்றையும் வாங்கி, நன்றி சொல்லி, சாலை ஓரத்தில் கொட்டினார். பொலித்தீனில் இலை வேர்த்து அழுகும், உரம் அள்ளிய கையால் தொட்டால் கணக்குக் கெடும். சவர்க்காரம் போட்டுத் தன் கையைக் கழுவிக்கொண்டு, கடுதாசிப் பையை எடுத்து, முதல் துண்டிலிருந்து தானே ஆரம்பித்தார். பெண்களுக்கு முகம் சுருங்கிவிட்டது. மத்தியானம் அவர்களோடு மடுவத்தில் குந்தி உட்கார்ந்து ரொட்டியும் கட்டைச் சம்பலும் வாங்கித் தின்று, கண்ணில் நீர் வடிய "உறைப்பு எவ்வளவு எண்டு சோதிக்க என்னட்டை மெசின் இல்லை" என்ற பிறகுதான் சிரித்தார்கள்.

ஒவ்வொரு பையிலும் ஒரு சீட்டு வைத்துப் பென்சிலால் எழுதுவார். மைப் பேனாவில் எழுதினால் எங்கள் பக்கத்துப் பனி அழித்துவிடும். சீட்டில் நடுவே ஒரு கோடு. இடது பக்கம் 'சொன்னது', வலது பக்கம் 'கண்டது'. துண்டுக்காரர் "வெள்ளைக்காரன் காலத்துச் செடிங்க" என்றால் இடது பக்கம் எழுதுவார். அடிமரத்தைக் கையால் சுற்றி அளந்த பிறகு வலது பக்கம் எழுதுவார். ஒன்றை மற்றதில் எழுதி நான் பார்த்ததில்லை. "நான் சொல்றேன், அந்தப் பக்கமே எழுதுங்க மிஸ், இந்த மலையில என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது" என்றேன். "ஓம் ஐயா" என்று சொல்லி, இடது பக்கத்தில் எழுதினார்.

தொழிற்சாலையில் மனேஜர் அவரை மடக்கப் பார்த்தார். ஆறு கோப்பையில் தேநீரை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் உறிஞ்சித் துப்பி, இது இன்ன மலை, இது இன்ன மாதம் என்று சொல்லிக்கொண்டே போனார். "எனக்கு மெசின் வேணாம் மிஸ், நாக்கு போதும். நீங்களும் ஒண்ணு சொல்லுங்க பாப்போம்." மிஸ் ஒரு கோப்பையை எடுத்து முழுதாகக் குடித்து முடித்தார். "நல்ல தேத்தண்ணி. எந்த மலை எண்டு தெரியாது" என்றார். மனேஜர் வாயில் இருந்ததைத் துப்ப மறந்து விழுங்கிவிட்டார்.

இந்தத் தெரியாதுவால் ஒரு நாள் நானும் உள்ளே போயிருப்பேன். போர் மறுபடி மூண்டு, வீதியெல்லாம் சோதனைச் சாவடி முளைத்திருந்த காலம். அவரை நானுஓயா ஸ்டேஷனில் விடப் போகிறேன். இறக்கிச் சோதித்தார்கள். அடையாள அட்டையில் யாழ்ப்பாணம். பை நிறைய எண் போட்ட பொட்டலங்கள், சிலதில் இலை, சிலதில் மண். ஆமிக்காரன் ஒரு பொட்டலத்தைத் தூக்கி, "மொனவத மேகே தியென்னே?" என்றான். இதில் என்ன இருக்கிறது என்று கேட்கிறான். தேயிலை, மண் என்று சொன்னால் முடிந்துபோகிற விஷயம். மிஸ் கண்ணாடியைத் துடைத்தார்.

"தன்னே நெ."

தெரியாதாம்!  துப்பாக்கியைத் தோளில் இருந்து இறக்குகிறான். நான் கையைத் தூக்கிக்கொண்டு இடையில் விழுந்தேன். "சார், தே கொள சார், பஸ் சார், நோனா பரிசோதனை பண்ற நோனா" என்று, தேயிலை, மண், சோதிக்கிற அம்மா என்பதைச் சிங்களமும் தமிழும் கலந்து கொட்டினேன். அந்தக் கொழுந்து லொறிக்காரனை, அதாவது என்னை, அந்தச் சாவடியில் எல்லாருக்கும் தெரியும், அதனால் விட்டான். லொறியில் ஏறியதும் கத்தினேன்.

"உசிரு போயிருக்கும் மிஸ்! தேயிலைன்னு சொன்னா என்ன கொறஞ்சிடும்?"

"உள்ளுக்கு என்ன இருக்கெண்டு தானே கேட்டவர். அது தெரிஞ்சா நான் ஏன் ஐயா இதைக் கொழும்புக்குக் காவுறன்?"

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார். ஒப்பிட்டுப் பார்க்க வட்டகொடைப் பக்கத்து மலைகளிலும், பெரிய மனிதரின் மலையிலும் அவர் எடுத்த பொட்டலங்கள் ஏற்கெனவே கொழும்பு போயிருந்தன. அன்றைக்குப் போனவை எங்களுடையவை.

ஒன்றரை மாதம் கழித்து அவரே வந்தார். கடிதம் போட்டிருக்கலாம், வந்தார். மடுவத்தில் எல்லாரையும் உட்கார வைத்து, நின்றுகொண்டே சொன்னார். பெரிய மனிதரின் இலை காட்டு மண்ணைக் காட்டுகிறது. எங்கள் இலையும் காட்டு மண்ணைத்தான் காட்டுகிறது.

 ஒருத்தி, "அப்ப எங்க கொழுந்தை எடுக்க மாட்டாங்களா?" என்றாள். இன்னொருத்தி அழ ஆரம்பித்துவிட்டாள். கூட வந்திருந்த மனேஜர், பாவம், கெட்டவர் இல்லை. மிஸ்ஸைத் தனியே கூட்டிப்போய்ச் சொன்னார்: "ஏதாவது ஒண்ணை எழுதிக் குடுத்திடுங்க மிஸ். காடுன்னா காடு, தோட்டம்னா தோட்டம். வாங்குறவன் காத்துக்கிட்டிருக்க மாட்டான்."

"இலை காடு எண்டு சொல்லுது. அரை அடி தோண்டி எடுத்த மண் பழைய தோட்டம் எண்டு சொல்லுது. அடிமரமும் அதைத்தான் சொல்லுது. ரெண்டும் ஒத்துவரேல்லை. ஏனெண்டு தெரியாது. தெரியாமல் நான் கையெழுத்துப் போட மாட்டன்."

அவருடைய மேலதிகாரி கொழும்பிலிருந்து தொழிற்சாலைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சத்தம் போட்டது வெளியே எங்களுக்கே கேட்டது. மிஸ் "ஓம் சேர், ஓம் சேர்" என்று கேட்டுவிட்டு, கடைசியில் அதே சொல்லைச் சொல்லி வைத்துவிட்டார். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அந்தச் சொல்லைச் சொல்வதற்கும் நெஞ்சுரம் வேண்டும். அதோடு இன்னொன்றும் உறைத்தது. ஏன் ஒத்துவரவில்லை என்று எனக்குத் தெரியும்.

எங்கள் மலையில் ஒரு வழக்கம். கவ்வாத்து வெட்டிய செடி, கிளையெல்லாம் இழந்து மொட்டையாக நிற்கும். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சோறு கொடுப்பதுபோல அதன் காலடியில் ஒரு கூடை காட்டு மண் போடுவார்கள். மரத்தடியில் மக்கிக் கிடக்கிற கறுத்த மண். முன்பு தலையில் சுமந்து வந்தார்கள். கொழுந்தை இறக்கிவிட்டு வெறுமனே திரும்புகிற லொறியை மேலே ஓட்டி, காட்டோரம் நிறுத்தி, லொறி லொறியாக அள்ளிக் கொண்டுவந்தது நான். என் லொறிக்குக் கொழுந்து போடுகிறவர்களுக்கு மண் சும்மா. வேறு லொறிக்காரன் எவனும் எங்கள் மலைக்குள் நுழைய முடியாமல் போனதற்கு அதுதான் காரணம். அது ஒதுக்குக் காடு. வன இலாகாவுக்குத் தெரிந்தால் லொறியும் போகும், நானும் போவேன். ஆகவே மிஸ் வருவதற்கு முன்பே வீடு வீடாகச் சொல்லி வைத்திருந்தேன்: மண்ணைப் பற்றி யார் கேட்டாலும் தெரியாதென்று சொல்லுங்கள்.

மறுநாள் மிஸ் துண்டு துண்டாக மறுபடி ஏறினார். செடியின் காலடியைக் கிளறி, "இந்தக் கறுத்த மண் எங்கயிருந்து வந்தது அம்மா?" என்று கேட்பார். "தெரியாதுங்க மிஸ்." அடுத்த துண்டு. "தெரியாதுங்க." நான் பின்னால் போய்க்கொண்டே இருந்தேன். மத்தியானத்துக்குள் முப்பத்தொன்பது துண்டும் முடிந்தது. அவர் ஒரு கல்லில் உட்கார்ந்து சீட்டுகளைப் புரட்டினார். எல்லாவற்றிலும் இடது பக்கம் ஒரே சொல்.

"முப்பத்தொன்பது பேருக்கும் ஒரே மாதிரித் தெரியாமல் இருக்கிறதை நான் இப்பத்தான் காணுறன்" என்றார்.

என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. பார்த்திருந்தால் கோபப்பட்டிருப்பேன், தப்பித்திருப்பேன்.

கடைசித் துண்டு பேச்சியம்மாவுடையது. அவளுக்கும் எனக்கும் ஆறு வருடமாகப் பேச்சு இல்லை; முதல் தடவை இலை எடுத்தபோது மிஸ்ஸை நான் அங்கே கூட்டிப்போகவும் இல்லை. லொறியைப் பின்னுக்கு எடுத்தபோது அவள் வாசலில் நின்ற பேரிக்காய் மரத்தை முறித்துவிட்டேன். "மரம்தானே, வேற நட்டுக்க" என்றேன். அவ்வளவுதான். அன்றிலிருந்து கொழுந்தை என் லொறியில் போடாமல், மூன்று மைல் தலையில் சுமந்து தொழிற்சாலைக்குக் கொண்டுபோனாள். நானும் அவளுக்கு மண் கொடுக்கவில்லை.

மிஸ் அவளுடைய செடியின் கீழே கிளறினார். பழுப்பு மண். இன்னொன்று. பழுப்பு. நிமிர்ந்தார்.

"உங்கட தோட்டத்தில மட்டும் கறுத்த மண் இல்லையே அம்மா. ஏன்?"

"எனக்கு யாரும் குடுக்கலைங்க."

"ஆர் குடுக்கேல்லை?"

பேச்சியம்மா என்னைப் பார்த்தாள். ஆறு வருடம் சேர்த்து வைத்த பார்வை. ஒரு சொல் போதும், என் கதை முடிந்தது. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"தெரியாதுங்க மிஸ்."

என்னை அடித்துப் போட்டது அதுதான். எனக்காகச் சொல்லவில்லை, கீழே இருந்த முப்பத்தொன்பது வீட்டுக்காகச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் என்னைக் காப்பாற்றிவிட்டாள் அல்லவா? அவளிடம் கடன்பட்டு வாழ்வதைவிட மறியலில் கம்பி எண்ணலாம் என்று தோன்றியது.

"நான்தாங்க மிஸ் குடுக்கல" என்றேன். "மத்த முப்பத்தொம்பது பேருக்கும் நான்தான் குடுத்தேன். காட்டுல இருந்து. என் லொறியில."

"கிறுக்குப் பய" என்றாள் பேச்சியம்மா. ஆறு வருடத்தில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

மிஸ் நிதானமாகப் பென்சிலை எடுத்தார். நான் சொன்னதை இடது பக்கத்தில் எழுதினார். பிறகு எழுந்து, "வாங்கோ, காட்டுங்கோ" என்றார்.

கூட்டிப் போனேன். நான் அள்ளிய இடங்கள் வரிசையாகக் கிடந்தன, குழி குழியாக. மரங்கள் நின்றுகொண்டுதான் இருந்தன. ஆனால் வேரெல்லாம் வெளியே தெரிய, விரல் ஊன்றி நிற்பதுபோல நின்றன. இரண்டு சாய்ந்து கிடந்தன. நூறு தடவை வந்த இடம். ஒரு தடவையும் நான் பார்த்ததில்லை. மிஸ் அட்டைக் கடியையும் மறந்து நடுவில் போய் நின்றார்.

"நீங்கள் காட்டை வெட்டேல்லை ஐயா" என்றார். "அதின்ர தோலை உரிச்சுப்போட்டியள்."

சாய்ந்த மரம் ஒன்றுக்குத் தோள் கொடுத்து நிமிர்த்தப் பார்த்தேன், முடியவில்லை. அந்த மலையில் அது முதல் தடவை.

ஒரு பையில் காட்டு மண், ஒரு பையில் பேச்சியம்மாவின் இலை. இரண்டும் கொழும்பு போயின. பேச்சியம்மாவின் இலை, நூறு வருடத் தோட்டம் என்று சொன்னது. நான் அள்ளிய மண்ணின் கணக்கும் மற்ற முப்பத்தொன்பது துண்டு இலையின் கணக்கும் ஒத்துப்போயின. பெரிய மனிதரின் துண்டில் மேலே தோண்டினாலும் காடு, கீழே தோண்டினாலும் காடு. இப்போது தெரியும் என்று மிஸ் கையெழுத்துப் போட்டார். வெளிநாட்டுக்காரன் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டான்: பெரிய மனிதரின் கொழுந்தை எடுக்கக் கூடாது, எங்கள் பக்கம் இனிக் காட்டு மண் ஒரு கூடையும் வரக் கூடாது. நாற்பது அடுப்பும் எரிந்தது. மண்ணுக்குப் பதிலாக மாட்டுச் சாணமும் கவ்வாத்துக் குச்சியும் மக்கப் போடும் குழிகளை வெட்டினோம். மேலே எழுதிய பட்டியலில் அதைச் சேர்க்க மறந்துவிட்டேன், பன்னிரண்டு குழி, நான் வெட்டியவை. பேச்சியம்மா வாசலில் ஒரு பேரிக்காய்க் கன்றும் நட்டேன். காய் புளிப்பு என்று இன்றைக்கும் திட்டுகிறாள்.

அவளுடைய துண்டு ஒன்று மட்டும் மண் படாமல் இருந்ததால்தான் உண்மை தெரிந்தது என்று மிஸ் சொன்னார். அந்தத் துண்டில் மண் படாமல் இருந்ததற்குக் காரணம், நான் மரத்தை முறித்ததுதான். இதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று சொன்னேன். அவர் சிரித்துச் சிரித்து மறுபடி கண்ணாடி துடைக்க வேண்டியதாயிற்று.

அறிக்கையை அச்சுக்குக் கொடுக்கும் முன் கடைசித் தடவையாக வந்தார். மடுவத்தில் பால் போடாத பிளேன்டி குடித்துக்கொண்டே கேட்டார். "நீங்கள் சொல்லியிருக்காட்டி எனக்கு விளங்கியிராது. உங்கட பேரைப் போடட்டோ?"

"போடுங்க மிஸ்! உண்மையைச் சொல்லி ஊரைக் காப்பாத்தினவருன்னு போடுங்க."

"போட்டா ரெண்டையும் போடுவன். மண் அள்ளினவரும் இவர்தான், சொன்னவரும் இவர்தான் எண்டு. ஒண்டை மட்டும் எழுத எனக்கு ஏலாது."

மூன்று லொறியும் வரிசையாக வெளியே நின்றன. வன இலாகாவை நினைத்தேன். "அப்ப வேணாங்க" என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. அறிக்கையில் 'உள்ளூர்வாசி ஒருவர்' என்று அச்சாகியிருக்கிறது. மேலதிகாரி கேட்டபோதும் என் பெயரைச் சொல்லவில்லை என்று பிறகு மனேஜர் சொன்னார். அதனால்தான் அவர் பெயரை நான் எழுதவில்லை. வேண்டாம் என்ற என்னை அவர் மறைத்தார். அவருக்குச் சம்மதமா என்று கேட்டுவிட்டு எழுதலாம் என்றால், வெளிநாடு போனவர் இப்போது எங்கே இருக்கிறார், தெரியாது. இந்தச் சொல் எனக்கும் இப்போது வருகிறது, பாருங்கள்.

அந்த அறிக்கையைத் தொழிற்சாலையில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள். வருகிற வெள்ளைக்காரர்களிடம் காட்டுகிறார்கள். மனேஜர் பெயர் இருக்கிறது, பரிசோதனைக்கூடத்தின் பெயர் இருக்கிறது, இலையை அரைத்த பையன்களின் பெயர்கூட இருக்கிறது. லொறிகளை விற்றுவிட்டேன். எழுபது தாண்டியாயிற்று. வன இலாகா வந்தால் ஒரு கோப்பைத் தேநீர் கொடுத்து உட்கார வைப்பேன்.

ஆகவே தொழிற்சாலைக்காரர்களுக்கு இதன் மூலம் சொல்லிக்கொள்கிறேன். அந்த 'உள்ளூர்வாசி ஒருவர்' என்ற இடத்தில் ஒரு சீட்டு ஒட்டுங்கள். நடுவே கோடு போட்டு, பென்சிலால் எழுதினாலும் போதும். காட்டு மண்ணை அள்ளியவன் கொழுந்து லொறிக் கருப்பண்ணன். அதைச் சொன்னவனும் கொழுந்து லொறிக் கருப்பண்ணன். இரண்டையும் எழுதுங்கள். எழுத்தைச் சிறிதாகப் போட வேண்டாம்.